உட்கார்ந்தே ஓடியவர்

உடம்பு இளைக்கவேண்டும் என்று தணிகாசலம் ஒரு வீடியோ கேம் வாங்கினார். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஓடினால், டிவியில் ஒரு பொம்மையும் ஓடும். கொஞ்ச நாள் வியர்வை சொட்ட ஓடினார். சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் ஆட்டினாலும் பொம்மை ஓடுகிறது என்பதை அப்புறம்தான் கண்டுபிடித்தார்.

அன்றுமுதல் தினமும் தங்கப் பதக்கம்தான். பதக்கம் விழுந்தால் ரிமோட் அவர் கையில் கிர்ரென்று அதிரும்.

மகள் யாழினியின் பள்ளியில் அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். "எங்கப்பாதான் ஃபர்ஸ்ட்டு" என்று அவள் வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தாள். வாசல் மூலையில் கிடந்த ஷூவைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு போனார் தணிகாசலம்.

திரும்பி வந்த ஷூ, ரிமோட்டைப் பார்த்துக் கத்தியது. "பாவி! பாதியிலேயே மூச்சு வாங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாரடா. பிள்ளை தண்ணி பாட்டிலோடு அழுதுகொண்டே ஓடி வந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பதக்கம் கொடுக்க உனக்கு எப்படிடா மனசு வந்தது?"

"கை ஆடினது தெரிந்தது அண்ணே. கால் எங்கே என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உன்னை மாதிரி என்னையும் மூலையில் போட்டிருப்பார்."



தணிகாசலம் சோபாவில் சாய்ந்து ரிமோட்டை எடுத்தார்.

"எழுந்து நின்னு விளையாடுப்பா" என்றாள் யாழினி.

"நாளையிலேர்ந்து கண்ணு" என்று மணிக்கட்டை ஆட்டினார்.

ரிமோட்டுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

"பார்த்தியா, அதுக்குள்ள ஒரு பதக்கம்!" என்றார் அவர்.