எக்ஸ்டென்ஷன் வாய் திறக்கவில்லை

"அந்தப் பயதான் களவாணி. எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் அக்கவுண்டன்ட் கருத்தப்பாண்டி.

ஞானபாக்கியம் லேப்டாப் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஃபேக்டரி அவருடையது. தறிச் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்துப் பழகியவர்.

எல்லாம் வினோத்தால் வந்த வினை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். "பாஸ்வேர்டை எல்லாம் காலண்டர் அட்டையில எழுதி வைக்காதீங்கம்மா" என்று சொல்லி, அத்தனையையும் பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றைப் போட்டுத் தர வந்தான். ஆப்பா, எக்ஸ்டென்ஷனா என்று அன்றைக்கே தகராறு.

"ஆப்புன்னா தனிப் பெட்டி. நாமளே திறந்து, காப்பி பண்ணி, வேணுங்கிற எடத்துல ஒட்டிக்கிடலாம். எல்லாம் நம்ம கையில இருக்கும்," என்றார் கருத்தப்பாண்டி.

"எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்குள்ளயே உக்காந்திருக்கும். பேங்க் பக்கம் வந்தா அதுவே நிரப்பிரும். நீங்க கை வைக்கவே வேண்டாம்," என்றான் வினோத்.

கை வைக்க வேண்டாம் என்று ஒருவன் இப்படி வற்புறுத்தினால், அவன் கை வைக்கப் போகிறான் என்பது கருத்தப்பாண்டியின் கட்சி. கடைசியில் வினோத் இரண்டையுமே போட்டுக் கொடுத்தான். ஆனால் பேங்க் வேலைக்கு எக்ஸ்டென்ஷனைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று ஞானபாக்கியத்திடம் சத்தியம் வாங்காத குறை.

இத்தனை நாள் ஒழுங்காக நிரப்பிய எக்ஸ்டென்ஷன், சம்பளம் போடவேண்டிய சனிக்கிழமை பார்த்துக் கைவிரித்துவிட்டது. ஞானபாக்கியம் வங்கிப் பக்கத்தைத் தேடித் திறந்தார். அதே நீல நிறம், அதே சிரிக்கும் குடும்பப் படம். பாஸ்வேர்ட் கட்டம் மட்டும் காலி. எக்ஸ்டென்ஷனைத் தட்டிப் பார்த்தால், இங்கே தருவதற்கு எதுவும் இல்லை என்றது.

வினோத்துக்குப் போன் போட்டார். முழுதும் கேட்டவன் பதறினான்.

"அம்மா, எதையும் தொடாதீங்க. முக்கியமா அந்த ஆப்பைத் திறக்காதீங்க. நான் இந்தா வாரேன்..."

அத்தோடு போன் அணைந்துவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை.

"பாத்தீகளா? ஆப்பைத் திறந்தா குட்டு வெளிப்பட்டிரும்னு பயப்படுதான்," என்றார் கருத்தப்பாண்டி. "பாஸ்வேர்டை உருவிட்டான். இனி வருவானா அவன்? நாம தனியாத் திறக்க வேண்டாம். மொதல்ல அவனைப் பிடிப்போம், அப்புறம் போலீஸ் முன்னால வச்சுத் திறப்போம்."

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காரில் போகும்போது ஞானபாக்கியத்துக்குத் தறியில் நிற்கும் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. பெத்தம்மாள் மகளுக்கு நாளைக்கு வளைகாப்பு. சாயங்காலம் அவள் வந்து நின்றால் என்ன சொல்வது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வினோத் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். தோளில் பை. பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே! எங்க ஓடப் பாக்க?" என்று காரிலிருந்து குதித்தார் கருத்தப்பாண்டி.

"உங்க ஃபேக்டரிக்குத்தாம்மா கிளம்புனேன். போன்ல சார்ஜ் இல்ல..."

"கதை விடாத. ஏறு வண்டியில!"

வழியில் அவனை வாய் திறக்க விடவில்லை. அந்த ஊர்க் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சிவரஞ்சனி புகாரை எழுதிக்கொண்டார்.

"மேடம், அந்தப் பக்கத்தை மட்டும்..." என்று வினோத் ஆரம்பித்தான்.

"உன்னைக் கேக்கும்போது பேசு," என்ற சிவரஞ்சனி, ஞானபாக்கியத்திடம் திரும்பினார். "அந்த ஆப்பைத் திறங்க. பாஸ்வேர்ட் இருக்கா இல்லையான்னு பாத்துருவோம்."

திறந்தார்கள். பாஸ்வேர்ட் பத்திரமாக இருந்தது.

"இருக்குது மேடம்! எக்ஸ்டென்ஷன்ல வராமப் பண்ணி வச்சிருக்கான்!" கருத்தப்பாண்டி உற்சாகமாகக் காப்பி செய்து, காலையிலிருந்து திறந்தே கிடந்த பக்கத்தில் ஒட்டினார். மறுகணமே உள்ளே விட்டது. ஓடிபி கேட்டது.

"ஐயையோ!" என்று துள்ளி எழுந்தான் வினோத். ஏட்டு முத்துராமலிங்கம் அவன் தோளைப் பிடித்து பெஞ்சிலேயே அமுக்கினார்.

ஞானபாக்கியம் ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். நன்றி, சற்று காத்திருக்கவும் என்றது திரை. அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆப்பு ஒரு நிமிசத்துல கொடுத்துட்டு. இவன் எக்ஸ்டென்ஷன் மட்டும் ஏன் முழுங்குச்சு? நல்லாக் கேளுங்க மேடம்!" என்றார் கருத்தப்பாண்டி.

சிவரஞ்சனி லேப்டாப்பை வினோத் பக்கம் திருப்பினார். "சொல்லு."

வினோத் திரையின் உச்சியில் விரலை வைத்தான்.

"பேங்க் பேருல ஒரு எழுத்து கூட இருக்கு பாருங்க. தேடும்போது மேல விளம்பரமா வந்ததைத் தொட்டுட்டாக. இது போலிப் பக்கம் மேடம். எக்ஸ்டென்ஷன் அட்ரஸைப் பாக்கும், அதான் கொடுக்கல. காப்பி பண்ணி ஒட்டுனா யாரு அட்ரஸைப் பாக்கா?"

ஞானபாக்கியத்தின் கைப்பேசி சிணுங்கியது. கணக்கிலிருந்து பணம் போன செய்தி. அவர் மெல்லக் கருத்தப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆப்பு ஆப்புன்னு சொல்லி, எனக்கே வச்சிட்டீகளேய்யா!"

சிவரஞ்சனி பாய்ந்து சைபர் கிரைமுக்குப் போன் போட்டார். அடுத்த தவணை கிளம்புவதற்குள் திருடனின் வழியை அடைத்துவிட்டார்கள்; போனது கொஞ்சம்தான், சம்பளத்துக்குப் பழுதில்லை. வினோத்துக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது. ஏட்டு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பழைய புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் புதிதாக எழுத ஆரம்பித்தார். திருடியவர் பெயர் தெரியவில்லை. நேரில் பார்த்த சாட்சிகள், தானும் ஏட்டும். அதற்கடுத்த வரியில் பேனா நின்றது.

வேறு வழியில்லாமல், குற்றம் நடந்த இடம் என்பதற்கு நேரே தன் காவல் நிலையத்தின் பெயரையே எழுதினார்.