நாற்பத்தொன்றில் நின்ற பாட்டு

"நாப்பது தடவை கேட்டிருக்கான். நாலு வரி எழுத மனசு வரலை பாரு."

லிஃப்ட் மெக்கானிக் போனை மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு மறுபடி எடுத்துப் பார்த்தார். நாற்பது, நாற்பத்தொன்றாகியிருந்தது.

"இதோ, இப்பவும் கேட்டிருக்கான்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாருங்க?"

"ஒரு பிளாக்காரன். நெட்டுல புதுப் பாட்டுங்களைப் பத்தி எழுதுறவனாம். சாயங்காலம் ஆறு மணியாச்சுன்னா அங்க நம்ம பாட்டு ஓடுது."

"ஒரு ஜீவனாவது கேக்குதேன்னு சந்தோஷப்படுங்க."

"சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் காட்டினா அந்த மேனேஜர் மேடை குடுப்பாரா?"

பகலெல்லாம் லிஃப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்து கிரீஸோடு மல்லுக்கட்டுகிற மனுஷன். ஐம்பத்திரண்டு வயது. படுக்கையறை மூலையில் ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு, யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளாமல், பத்து வருஷமாகப் பாட்டுக் கட்டுகிறார். ஒரு மேடைகூட ஏறியதில்லை. இரண்டு மாதம் முன்பு, லிஃப்டைப் பழுது பார்க்கப் போன அரங்கத்தில்தான் மேனேஜர் வாயைத் திறந்தார்.

"அரை மணி நேரம் தர்றேன். ஆனா உங்க பாட்டைப் பத்தி வெளியாள் யாராவது நாலு வரி எழுதியிருக்கணும். அதைக் கொண்டாங்க."

அந்தக் கெடு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று புதன்.

முப்பது வலைப்பூக்களின் முகவரியைத் திரட்டித் தந்தது மச்சினன். ஆளுக்கொரு லிங்க் என்று பிரித்துப் போட்டதும் அவன்தான். எவர் கேட்டார், எவர் கேட்கவில்லை என்று தனித்தனியாகத் தெரிந்துவிடுமாம். கடிதமும் அவன் கைவண்ணம்:

'தங்கள் வலைப்பூவைத் தவறாமல் வாசித்து வருகிறேன். கடைசியாக வந்த பதிவு மனதை என்னவோ செய்துவிட்டது. அதைப் படித்த பிறகுதான் இந்தப் பாட்டை உங்களுக்கு அனுப்பத் தோன்றியது.'

"நான் ஒண்ணுகூடப் படிக்கலையே மாப்ள?" என்று அன்றைக்கே கேட்டார்.

"முப்பதையும் படிச்சு முடிச்சு எப்ப மாமா அனுப்புறது? எந்த பிளாக்னாலும் கடைசியா ஏதோ ஒரு பதிவு இருக்கத்தானே செய்யும். இப்படிப் போட்டாத்தான் மனசு குளிர்ந்து கேப்பாங்க."

வலைப்பூவின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி முப்பது இடத்துக்கும் ஒரே கடிதம் போயிற்று.

பாட்டு பெரிய விஷயமொன்றுமில்லை. வேலை முடிந்து கடைசியாக வீடு திரும்புகிறவனுக்காக அணைக்காமல் விட்ட வாசல் விளக்கைப் பற்றியது. இருபத்தொன்பது இடங்களில் அது பூஜ்யத்திலும் ஒன்றிலும் படுத்துக் கிடந்தது. இந்த ஒரு இடத்தில் மட்டும் நாற்பத்தொன்று.

"ஊரு சனத்தையெல்லாம் பத்தாவது மாடிக்கு ஏத்தி விடுறீங்க. உங்க பாட்டு மட்டும் தரைத்தளத்துலயே நிக்குது," என்றாள் மனைவி.

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பார். இன்று சோர்வு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார்.

'நாற்பத்தொரு முறை கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். உழைக்கிறவன் பாட்டை ஓசியில் கேட்க வெட்கமாக இல்லையா?'

மனைவி எட்டிப் பார்த்தாள். "கடைசி வரி வேண்டாங்க."

"அந்த வரிக்காகத்தான் மத்ததையே எழுதினேன்."

அனுப்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. எண் நாற்பத்தொன்றை விட்டு நகரவில்லை.

"ரோஷம் வந்துடுச்சு துரைக்கு," என்றார்.

ஆறரைக்குப் பதில் வந்தது.

'ஐயா, மன்னிக்க வேண்டும். நீங்கள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டுகளைப் பற்றி எழுதி வந்தவர் என் கணவர். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. வலைப்பூவில் கடைசியாக இருப்பது அந்தச் செய்திதான். நான் போட்டது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் ஒருவர்தான், அதைப் படித்த பிறகு அனுப்பத் தோன்றியது என்று எழுதியிருந்தீர்கள். விளக்கைப் பற்றிய பாட்டு வேறு. எனக்கு ஆறுதலுக்காக அனுப்பியது என்று எடுத்துக்கொண்டேன். அவர் வேலையிலிருந்து வருகிற நேரம் ஆறு மணி. அந்த நேரத்துக்குப் போட்டுக் கேட்பேன். இனி கேட்க மாட்டேன்.

'உங்களுக்கு அந்த ஒரு வரி அவசியம் போலிருக்கிறது. எனக்கு எழுத வராது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன். நீங்கள் தவறாமல் வாசிப்பவர். அவர் எழுதியதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று மட்டும் சொல்லுங்கள். அதைப் பார்த்து, அதே மாதிரி எழுதித் தருகிறேன்.'

அவர் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எழுதித் தர்றேன்னுதானே சொல்றாங்க," என்றாள் மெதுவாக. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. எது பிடிச்சதுன்னு சொல்லிடுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வலைப்பூவை முதல் தடவையாகத் திறந்தார்.