முதல் போடாத தொழில்

கைக்குழந்தையை விட்டுவிட்டு அவனால் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டிலிருந்தே ஏதாவது தொழில் தொடங்கியாக வேண்டும். யோசனை கேட்க, ஆறு வருடமாகப் பார்க்காத கல்லூரித் தோழனைக் கூப்பிட்டிருந்தான்.

வந்தவன் பிஸ்கெட்டைத் தேநீரில் முக்கி, சட்டையில் சொட்டச் சொட்டத் தின்றான்.

“டியூஷன், தையல் எல்லாம் விடுடா. என் தொழிலுக்கு வா. முதலும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம்.”

“அப்படி என்ன தொழில்?”

“கடை, ஓட்டல், ஆஸ்பத்திரின்னு நெட்ல பாராட்டி எழுதணும். அவ்வளவுதான்.”

“போகாத இடத்தையா?”

“போயிட்டா எப்படிடா பாராட்ட முடியும்?”

பிசுபிசுத்த விரலால் போனைத் தள்ளித் தள்ளி, தோழன் ஒன்றைக் காட்டினான். “இது கக்கூஸ்ல உட்கார்ந்து எழுதினது. படிச்சுப் பாரு.”

‘பிரசவத்துக்கு நம்பி வாருங்கள். என் மனைவியைப் பெற்ற தாய்போலப் பார்த்துக்கொண்டார்கள்.’

“உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேடா!”

“அதான் திறமைங்கிறது!” தோழன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

அவன் போனை வாங்கி மறுபடியும் படித்தான். இதே வரிகளை நிறைமாத மனைவிக்கு அவன் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். அதை நம்பித்தான் அவளை அங்கே சேர்த்தான்.

நான்காம் நாள், குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினான்.