அசையும்போது மட்டும்

அருள்தாஸின் மனைவி ஜெசிந்தா இறந்து ஏழு மாதமாகிவிட்டது. அவள் நடமாடும் காட்சி ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது, அவன் தங்கையின் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. அருள்தாஸ் அதை டிவிடியாக மாற்றக் கொண்டுபோயிருந்தான். ஸ்டுடியோக் கம்ப்யூட்டரில் அவள் பாயச வாளியோடு பந்திக்குள் ஓடினாள். ஓடும்போதெல்லாம் உடம்பின் ஓரங்கள் சீப்புப் பல்லைப் போலக் கோடு கோடாகப் பிரிந்தன.

"கேசட்டுன்னா இப்படித்தான் தம்பி," என்றார் ஸ்டுடியோக்காரர் பெஞ்சமின். "ஒரு படத்துக்குள்ள அடுத்தடுத்த ரெண்டு அசைவு பின்னிக் கிடக்கு. ஒண்ண எடுத்துட்டா கோடு போயிரும்."

"எடுத்தது என்ன ஆகும்?"

"அதுவும் போயிரும். யாருக்குத் தெரியப்போவுது?"

பெஞ்சமின் படத்தை முன்னும் பின்னும் ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜெசிந்தா ஒரு கணம் கண்மூடி நின்றிருந்தாள். ஒரு கோடுகூட இல்லை.

"பாருங்க, அசையாம இருந்தா எவ்வளவு தெளிவா இருக்காவ."

அடக்கத்தன்று அசையாத ஜெசிந்தாவை அவன் ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"கோடு இருக்கட்டும் அண்ணாச்சி," என்றான். "ஒண்ணையும் எடுக்காதீங்க."