வெள்ளிக்கிழமை விருந்தாளி

பொள்ளாச்சி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் செல்லாத்தாள் மூன்றாவதாக ஒரு டம்ளரையும் எடுத்து வைத்தாள்.

அந்த பஸ்ஸில்தான் கணவனின் அக்காள் கமலாத்தாள் வர வேண்டும். ஆனால் வரமாட்டாள். அவளை யாரும் கூப்பிடவே இல்லை.

வருகிறாள் என்று கதை கட்டிவிட்டது செல்லாத்தாள்தான்.

வேறென்ன செய்வாள்? அடுப்பு மேடைக்கென்று வாங்கிய கடப்பாக் கல் மாட்டுக் கொட்டகையோரம் படுத்தே கிடந்தது. அது வந்த வருஷம் பிறந்த கன்று இப்போது இரண்டு ஈத்து ஈன்றுவிட்டது. மாங்காய் முடியட்டும் என்பார் கணவர் சின்னையன். மாங்காய் முடிந்தால், மழை முடியட்டும் என்பார். முதலமடையில் அப்படி என்ன மழை கொட்டிவிடுகிறது!

இவளுக்குத்தான் தரையில் குந்திச் சமைத்தே முழங்கால் தேய்ந்தது. எழும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

செய்து பார்க்காத தந்திரம் இல்லை. ஞாபகம் வரட்டும் என்று அவர் துண்டில் முடிச்சுப் போட்டாள், துண்டை மாற்றிக்கொண்டார். அலாரம் வைத்த போனைப் பித்தளைக் குண்டாவில் போட்டுக் கொட்டகையில் வைத்தாள், மாடு எழுந்தது. சோற்றுத் தட்டை அந்தக் கல்மேலேயே கொண்டுபோய் வைத்தாள். காற்றோட்டமாக இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

கடைசியில், போன ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமான நாள் முதல் சொல்லாத பொய்யைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கமலாத்தாள் வருகிறாள். போன முறை வந்தபோது, இன்னும் தரையில்தான் சமையலா என்று தம்பியை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனவள் அவள்.

செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்தார். நேற்று, பாத்திரம் கழுவும் தொட்டியோடு மேடை முடிந்தது.

இன்று செல்லாத்தாள் நின்றுகொண்டே காப்பி போட்டாள். மேடை அவள் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பயமும் கூடவே இருந்தது. பெண்டாட்டி பேச்சை நம்பி ஏமாந்தோமே என்று மனிதர் நொந்துபோனால்? இனி அவள் சொல்லும் எதைத்தான் நம்புவார்?

பஸ் போய்விட்டது. வெளுத்த வேட்டியோடு சின்னையன் சமையலறை வாசலில் வந்து நின்றார். மேடைமேல் மூன்று டம்ளர்கள் இருந்தன.

"உங்கக்கா பஸ்ஸ உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள், கல்லைப் பார்த்தபடியே.

அவர் மூன்றாவது டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"அக்காகிட்ட திங்கக்கெழமையே போன்ல பேசிப்போட்டேன் புள்ள. பொய்யே சொல்லத் தெரியாதவ, நீயே சொல்றீன்னா காலு எத்தன நோவோணும்னு அப்பத்தான் ஒறச்சுது."

திங்கட்கிழமை. கொத்தனார் வந்தது அதற்கு மறுநாள்.

செல்லாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைக் கழுவப் புதுத் தொட்டியின் பக்கம் திரும்பினாள். தொட்டி இருந்தது, குழாயைக் காணோம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சின்னையன் காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"அது நாளைக்கு."