பானை இல்லாத படம்

"இந்தத் தடவையும் படத்துல பானை விழுந்திருக்கு, ஜானகிராமன். பாருங்க."

தட்சிணாமூர்த்தி படத்தைக் கடையின் கண்ணாடி மேஜைமேல் போட்டார். சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அதனால் ஊருக்கே அவர் 'முசியே'. ஊர் திரும்பிய நாளாகப் பறவைப் படம் எடுக்கிறார். படத்தில் ஊசுட்டேரி இருந்தது. நடுவில் கடுகளவு வாத்துகள் நான்கு. பக்கத்திலேயே கவிழ்ந்து மிதக்கும் மண்பானை ஒன்று, வாத்துகளைவிடத் தெளிவாக.

"எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வந்து நிக்குது. எவனோ வேலையத்தவன் ஏரியில போட்டுட்டுப் போயிருக்கான்."

"அதுக்கு ஜூம் லென்சுதான் முசியே சரி," என்றார் கேமராக் கடை ஜானகிராமன். "உக்காந்த எடத்துலயே முறுக்கிக் கிட்ட கொண்டாந்துடலாம். பானைய ஒதுக்கிட்டு வாத்த மட்டும் புடிக்கலாம். ஜப்பான் சரக்கு."

"பத்தாது. இன்னும் கிட்ட வேணும்."

"அப்ப நடுவுல இந்த டபுளரையும் மாட்டிக்குங்க. லென்சு நீளம் ரெட்டிப்பாவும். வெளிச்சம்தான் நாலுல ஒரு பங்கா கொறையும்."

"வெளிச்சம் கெடக்கட்டும். பொங்கல் கண்காட்சியில கப்பு வாங்கலன்னா படம் கழுவுற இருட்டறைய காலி பண்ணணும்னு வீட்டுல தில்லையம்மா சொல்லிட்டா. அது அவ ஊறுகாய் அறை. ஜாடியெல்லாம் தாழ்வாரத்துக்கு வந்து மூணு வருஷமாச்சு."

வாசலோரம் கையில் ஒரு வாத்தோடு நின்றிருந்த அம்மாவாசை தொண்டையைச் செருமினார். ஏரியில் வாத்து பிடித்து வீடு வீடாக விற்கிறவர். கடைக்காரரின் பழைய பெட்டிக் கேமராவை நாலு வாத்து கொடுத்து வாங்கியிருந்தார். இன்று ஃபிலிம் ரோல் கழுவ வந்திருந்தார்.

"கொஞ்சம் தண்ணியில எறங்கிக் கிட்ட போனா என்ன முசியே?"

தட்சிணாமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எறங்குறதா இருந்தா எனக்கு எதுக்குய்யா லென்சு? சேத்துல கால் வச்சா மூணு நாளு சளி புடிக்கும். நான் கரையிலயே கோரைப் புதருக்குள்ள இந்தப் பழுப்புக் கோட்ட போட்டுக்கிட்டு அசையாம குந்தியிருப்பேன். என்னை மனுஷன்னே ஒருத்தருக்கும் தெரியாது."

"முழங்கையில வெள்ளைத் துணி ஒட்டு இருக்குதே."

"அது என் சம்சாரம் தச்சது. பொட்டிக் கேமரா வச்சிருக்கிறவன்லாம் எனக்குச் சொல்ல வந்துட்டான்."

ஜானகிராமன் அம்மாவாசையைப் பார்த்தார். அம்மாவாசை கையிலிருந்த வாத்தைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி ஜூம் லென்ஸையும் டபுளரையும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு போனார்.

பொங்கல் முடிந்து கண்காட்சி திறந்தது. தட்சிணாமூர்த்தியின் படம் கடைசி வரிசையில், குழாயடிப் பக்கம் தொங்கியது. 'மூடுபனியில் வாத்து' என்று பெயர் வைத்திருந்தார். ஏரியில் அன்று மூடுபனியே இல்லை. வெளிச்சம் போதாமல், கை ஆடி, வாத்தும் காணாமல் போயிருந்தது. பானைகூட விழவில்லை.

"ஜாடியெல்லாம் இன்னிக்கே உள்ள எடுத்து வச்சிடலாம்," என்றார் தில்லையம்மாள்.

முதல் பரிசுப் படத்துக்குக் கீழே அம்மாவாசை கப்போடு நின்றார். படத்தில் ஒரு வாத்து, அலகு நுனியில் தண்ணீர்ச் சொட்டு தொங்குவதுகூடத் தெரிந்தது. தட்சிணாமூர்த்தி நேரே அவரிடம் போனார்.

"எந்த லென்சுய்யா?"

"லென்சு ஏது முசியே, அதே பொட்டிதான். பெரிய பானையா பாத்து ஓட்டை போட்டு, தலையையும் பொட்டியையும் அதுக்குள்ள வுட்டுக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில மெல்ல நடந்தேன். வாத்து புடிக்கிறதும் அப்படித்தானே. பானை சும்மா மெதக்குதுன்னு அதுங்க கண்டுக்காது."

"அப்ப என் படத்துல விழுந்த பானை?"

"நான்தான்."

தில்லையம்மாள் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த நடுவர்கள் குறிப்பைச் சத்தமாகப் படித்தார்.

"வாத்து சாதாரணமானதே. ஆனால் பின்னால், கோரைப் புதரில் அமர்ந்திருக்கும் பெரிய பழுப்புப் பறவை, முழ நீள அலகும் சிறகில் வெள்ளைத் திட்டும் கொண்டது. இப்பகுதியில் இதுவரை யாரும் படம் எடுக்காத அபூர்வ இனம். அதற்காகவே முதல் பரிசு."

தட்சிணாமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "தெனமும் நானும் அதே கோரையிலதானே குந்தியிருந்தேன். இந்தப் பறவை எப்படி என் கண்ணுல படாம போச்சு?"

தில்லையம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார்.

"எப்படிங்க படும்? அந்த வெள்ளைத் திட்டு நான் தச்ச ஒட்டு."