எறும்பு மொய்த்த இடம்

கணவன் ஞானதிரவியம் சிறுநீர் கழித்த இடத்தை எறும்புகள் கறுப்பாக மொய்த்திருந்தன. தினமும் காலையில் அன்னபாக்கியம்தான் தண்ணீர் ஊற்றி விரட்டுவாள். சர்க்கரை நோயில் காலை இழந்த அவளுடைய அப்பாவுக்கும் முதலில் எறும்புதான் வந்தது. "சர்க்கரை இருந்தாலும் ஆம்பளைக்கு இப்படித் தளர்ந்துபோகுமாம். மாத்திரையில சரியாயிரும்னு டாக்டரம்மா சொன்னாவ. ரத்தம் மட்டும் பாத்துட்டு வந்துருவோமா?" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கன்னத்தில் அறை விழுந்தது. "எனக்கு ஒரு கொறையும் கெடையாது. மரக்கட்டையோட படுத்தா எவனுக்குட்டி எந்திரிக்கும்?" என்றான். மரக்கட்டை என்பதைத் தன் தம்பி பெண்டாட்டி முன்னாலும் சொல்லிச் சிரித்தான். பிறகு, கருப்பட்டியும் தேனும் விட்டுக் கிண்டிய லேகியம் டப்பா டப்பாவாக வீட்டுக்கு வந்தது. பெண்டாட்டி கையால் ஊட்டினால்தான் அது வேலை செய்யும் என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம்.

இன்று அவள் தண்ணீர் ஊற்றவில்லை. எறும்புகள் ஊர்வதை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேகியம் எங்கடி?" என்று கூடத்திலிருந்து கத்தினான்.

அன்னபாக்கியம் டப்பாவில் கிடந்த சின்னக் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். குழம்புக் கரண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

"வாயத் தொறங்க," என்றாள்.